அரசுக் குடியிருப்பில் அக்கம்பக்கம்: கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கான கேள்வி பதில்

அரசு கட்டித் தரும் வீட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் மூன்று கேள்விகள்தான் வரும். சதுரடி எவ்வளவு, பங்களிப்புத் தொகை எவ்வளவு, சாவி எப்போது. குடிபோன பிறகு அங்கே ஆட்கள் நிம்மதியாக இருக்கிறார்களா, எதிர் வீட்டோடு பேச்சுவார்த்தை உண்டா என்பதை யாரும் விசாரிப்பதில்லை. அதைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். பயனாளிகள், வார்டு உறுப்பினர்கள், கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் என எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறோம். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் ஒதுக்கீடு, தரைத்தளம், பராமரிப்பு ஆகிய மூன்று பதில்களை மட்டுமாவது படியுங்கள்.

தலைக்கு மேலே ஒரு கூரை கிடைப்பதே பெரிய பாடு. இதில் சந்தோஷம், அக்கம்பக்கம் எல்லாம் தேவையா?

தேவை. கான்கிரீட் கூரையின் அருமையை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது ஓலையும் தகரமும் போன போக்கைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் குடிசையில் இருந்தபோது அந்தக் குடும்பத்திடம் வேறொரு சொத்தும் இருந்தது. அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் கைமாற்று, வேலைக்குப் போய்வரும் வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயா, நடுராத்திரி வலி எடுத்தால் ஆட்டோவோடு வந்து நிற்க ஒரு பையன். இதற்குப் பட்டா கிடையாது, அதனால் நஷ்டஈட்டுக் கணக்கிலும் இது வராது. இடம் மாற்றும்போது முதலில் தொலைவது இதுதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வு, முதுமையில் ஒருவர் உடலும் மனமும் நன்றாக இருப்பதற்கு நெருங்கிய உறவுகள் பெரிய காரணம் என்கிறது. நம் ஊரில் அந்த உறவுகளில் பாதி தெருவில்தான் கிடைக்கின்றன.

சுனாமிக் குடியிருப்புகளில் இருந்து என்ன கற்றுக்கொண்டோம்?

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தேவனாம்பட்டினம், சோதிக்குப்பம், தாழங்குடா என்று கடலோரம் முழுக்க வீடு கட்டும் வேலை நடந்தது. கடலில் இருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களை உள்ளே தள்ளிக் குடியமர்த்துவது தமிழக அரசின் கொள்கையாக இருந்தது. உயிருக்கு அது பாதுகாப்புதான். ஆனால் புது வீடுகள் பெரும்பாலும் மனைப்பிரிவு போல வரிசையாக, எல்லாம் சாலையைப் பார்த்து அமைந்தன.

குப்பத்தின் அமைப்பு அப்படி இருக்காது. வீடுகளுக்கு நடுவே மணல் கிடக்கும். அந்த மணலில் வலை பிரிப்பார்கள், கருவாடு காயும், பெண்கள் மீனைக் கூறு போட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள், பெரியவர் ஒருவர் கடலைப் பார்த்து எந்தப் படகு திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். வரைபடத்தில் அது காலி இடம். உண்மையில் ஊரே கூடும் இடம் அதுதான். வலையை எங்கே வைப்பது, இன்ஜினை எங்கே பூட்டுவது, கருவாட்டை எங்கே காயப்போடுவது ஆகிய மூன்றுக்கும் பதில் இல்லாத வரைபடத்தில் மீனவர் குடியிருப்பு என்று பெயர் போடக்கூடாது என்பேன். ஊர்ப் பஞ்சாயத்தாரோடு உட்கார்ந்து, எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் என்று பேசிப் பிரித்துக்கொள்வதற்கு ஒரு வாரம் கூடுதலாக ஆகலாம். செலவு ஏதும் இல்லை.

வீடுகளைக் குலுக்கலில் ஒதுக்குவதுதானே நியாயம்?

நியாயம்தான். கட்சிக்காரர் தன் ஆளைக் கீழ்த்தளத்தில் செருகிவிட்டார் என்று யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் குடும்பம் குடும்பமாகக் குலுக்கும்போது, ஒரே தெருவில் முப்பது வருஷம் இருந்தவர்கள் நாலு பிளாக்குக்குச் சிதறிப்போகிறார்கள். படிக்கட்டில் எதிரே வருகிறவர் யார் என்றே தெரியாது. தெரியாத ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடும்பங்களின் குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியல் அறிஞரும் உடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு 1950-இல் வெளிவந்தது. மாடிக்கு ஐந்து வீடு, ஒன்றையொன்று ஒட்டி. நெருங்கிய நண்பர் யார் என்று கேட்டபோது, அடுத்த வீட்டாரைச் சொன்னவர்கள் 41 சதவீதம். அதே மாடியின் இரண்டு கோடிகளில் இருந்தவர்களிடையே அது 10 சதவீதம்தான். இத்தனைக்கும் நடுவில் இருந்த தூரம் சில பத்து அடிகள். படிக்கட்டின் அடியில் இருந்தவர்களுக்கு மாடி ஆட்களோடும் சிநேகம் கூடுதலாக இருந்தது, ஏனென்றால் மேலே போகிற எல்லோரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆக, கதவு எங்கே வைக்கிறோம் என்பதிலேயே யார் யாருக்குச் சிநேகிதர் என்பதில் பாதி முடிவாகிவிடுகிறது.

அதனால் நான் சொல்வது குழுக் குலுக்கல். எட்டு அல்லது பன்னிரண்டு குடும்பங்கள் தாங்களே சேர்ந்து ஒரு பெயர்ப்பட்டியல் கொடுக்கட்டும். எந்தக் குழுவுக்கு எந்தப் படிக்கட்டு என்பதை மட்டும் குலுக்குங்கள். நியாயமும் கெடாது, தெருவும் உடையாது. யாரோடும் சேர விரும்பாதவர்களும் இருப்பார்கள். ஓர்ப்படியோடு சண்டை, சீட்டுப் பணத்தில் தகராறு, எத்தனையோ காரணம். அவர்கள் தனியாகப் பெயர் கொடுக்கலாம். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கீழ்த்தளத்தை முதலில் பிரித்துவிட வேண்டும். ஆனால் ஆயாவுக்கு ஒரு பிளாக்கில் கீழ்வீடு கொடுத்துவிட்டு மகளை வேறு பிளாக்கில் போட்டால், சோறு எடுத்துக்கொண்டு போக ஆள் இருக்காது. அதையும் யோசித்துத்தான் பிரிக்க வேண்டும்.

தரைத்தளத்தில் வீடு கட்டலாமா, திறந்தபடி விடலாமா?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மூன்றாவது மாடியில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஐஸ் பெட்டி மூன்றடி அகலப் படிக்கட்டின் திருப்பத்தில் திரும்பாது. திரும்பினாலும், நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் கூடத்தில் அதை வைத்துவிட்டு மாலை போட வருகிறவர்களை எங்கே நிறுத்துவது? அதனால் உடலைப் போர்வையில் சுற்றி, சில சமயம் நாற்காலியில் உட்காரவைத்து, கீழே இறக்குகிறார்கள். கீழே பந்தல் போட இடம் இருந்தால் சரி. இல்லாவிட்டால் இரண்டு பிளாக்குக்கு நடுவே உள்ள வண்டிப் பாதையில், செப்டிக் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் கிடத்துகிறார்கள். மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் காதுகுத்துக்கும் இதே சிக்கல்தான் என்றாலும், அதற்கெல்லாம் மண்டபம் பிடிக்கலாம். சாவுக்கு மண்டபம் கிடைக்காது.

சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே வீவக என்ற அரசு வீட்டுவசதிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளின் தரைத்தளத்தைத் தூண்களோடு திறந்தே விடுவது 1970-களில் வழக்கமானது. மலாய்க்காரர் கல்யாணமும் சீனர் வீட்டுத் துக்கமும் அங்கேயே நடக்கின்றன. பெரியவர்கள் காற்றாட உட்காருவதும் அங்கேதான்.

நமக்கு இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. 2015 மழையைக் கடலூர் மறக்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணையில் இருந்து தென்பெண்ணையில் வந்த தண்ணீர் கடலூர் பக்கம் ஊருக்குள் புகுந்தது. தாழ்வான இடத்தில் தரைத்தளத்தில் வீடு இல்லாவிட்டால் மூழ்கவும் வீடு இல்லை. வெள்ளத்துக்கும் விசேஷத்துக்கும் ஒரே இடம் போதும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். திறந்த தரைத்தளம் என்றால் ஆறு மாதத்தில் அது வண்டி நிறுத்துமிடம் ஆகிவிடும், அப்புறம் பழைய பீரோ, உடைந்த கட்டில், குடிக்க வரும் வெளியாட்கள். இதைத் தடுக்க ஒரே வழி, முதல் நாளில் இருந்தே அதில் ஒரு பாதிக்கு வேலை கொடுப்பது. ஒரு மூலையில் அங்கன்வாடி, ஒரு மூலையில் ரேஷன் கடை, நடுவில் சிமெண்ட் திண்ணை. வண்டி நுழைய முடியாதபடி ஓரத்தில் ஒரு முழ உயரத்துக்குக் கட்டை, தூக்குபவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் ஒரு சரிவுப் பாதை. அங்கே டியூப் லைட் எரிகிறதா என்று பார்க்கும் பொறுப்பு பெயர் சொல்லி ஒருவரிடம் இருக்க வேண்டும். கீழே திறந்துவிட்டால், மாடி ஏற முடியாதவர்களுக்காக முதல் மாடி வரையாவது சரிவுப் பாதையோ லிஃப்டோ கட்டாயம். அது திட்டத்தில் இல்லை என்றால் கீழே சில வீடுகளை, தரையை நன்றாக உயர்த்தி, முதியோருக்கென்று கட்டிவிடுவது மேல்.

திண்ணை எல்லாம் பழைய கதை ஆகிவிட்டதே?

புதுச்சேரியில் தமிழர் பகுதிக்குள் போய்ப் பாருங்கள். பழைய வீடுகளில் தெருவுக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு படிநிலை இருக்கும். தெருவை ஒட்டிச் சாய்கூரை போட்ட தாழ்வாரம், வழிப்போக்கருக்கு. அதற்கு உள்ளே திண்ணை, தெரிந்தவர்களுக்கு. அதையும் தாண்டி அழைத்தால்தான் வீட்டுக்குள். வைசியாள் வீதியில் பழைய வீட்டு முகப்புகளைச் சீரமைத்தபோது இவற்றையும் மீட்டார்கள். தெருவில் இருப்பவரோடு பேசவும் செய்யலாம், வீட்டுக்குள் கூப்பிடாமலும் இருக்கலாம். அந்த வசதிதான் அடுக்குமாடியில் காணாமல் போகிறது. கதவைத் திறந்தால் நேரே அடுத்தவர் கூடம், மூடினால் யாருமில்லை.

அடுக்குமாடியில் இதைக் கொண்டுவரப் பெரிய செலவு தேவையில்லை. படிக்கட்டு முடியும் இடத்தை மூன்றடிக்குப் பதிலாக ஆறடி ஆக்குங்கள். இரண்டு பேர் உட்கார ஒரு கைப்பிடிச் சுவர், வாசலுக்கு முன்னால் கோலம் போட இரண்டடி, செருப்புக்கு ஒரு பொந்து, வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் துளை வைத்த ஜாலிச் சுவர். கதவுகளை நேருக்கு நேர் வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள். வாஸ்து பார்ப்பவர்களும் ஆட்சேபிக்க மாட்டார்கள், கதவைத் திறந்துவைக்கவும் கூச்சம் இருக்காது. முப்பது கதவு வரிசையாக இருக்கும் நீள வராண்டாவை விட, மாடிக்கு நாலு வீடு வீதம் ஒரு படிக்கட்டைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்புக்குத்தான் என் ஓட்டு. பன்னிரண்டு, பதினாறு குடும்பம் என்றால் எல்லார் முகமும் ஒரு மாதத்தில் பழகிவிடும். வெளியாள் ஏறினால் ‘யாரைப் பார்க்கணும்?’ என்று கேட்கவும் வாய் வரும்.

எத்தனை மாடி வரை போகலாம்?

கீழே விளையாடும் பிள்ளையை மாடியில் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும். அதுதான் அளவு. நாலு, அதிகம் போனால் ஐந்து மாடி. அதற்கு மேலே கட்டக்கூடாது என்று சொல்லவில்லை. நகரத்துக்குள் இடம் இல்லாதபோது, ஊருக்கு வெளியே தாழக் கட்டுவதை விட உள்ளேயே உயரக் கட்டுவது நல்லது. ஆனால் லிஃப்ட் வந்துவிட்டால் அதன் மின்கட்டணமும் பழுதும் சேர்ந்தே வரும்.

உயரம் என்றாலே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து புரூயிட்-ஐகோ குடியிருப்பை உதாரணம் காட்டுவார்கள். பதினோரு மாடியில் 33 கட்டடங்கள், 1950-களில் கட்டியது, 1972-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அங்கே செலவைக் குறைக்க லிஃப்ட் மூன்று மாடிக்கு ஒருமுறைதான் நின்றது, மற்றவர்கள் இருட்டுப் படிக்கட்டில் நடக்க வேண்டியிருந்தது. ஆனால் கட்டடத்தின் மேலேயே எல்லாப் பழியையும் போடுவது சரியில்லை. பராமரிப்புக்கு வாடகை வரும்படியை நம்பினார்கள், குடியிருந்தவர்கள் ஏழையாக ஆக அந்தப் பணம் வற்றியது. அந்தக் கதையில் நமக்கு உறைக்க வேண்டியது இந்தப் பணக் கணக்கு.

மொட்டை மாடியைப் பூட்டி வைக்கிறார்களே?

பூட்டக்கூடாது. வத்தல், வடகம், துணி, கோடையில் இராத்தூக்கம், பிள்ளைகளின் பட்டம் எல்லாம் அங்கேதான். கைப்பிடிச் சுவரை நெஞ்சுயரத்துக்குக் கட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் தனியாகக் கம்பிக் கதவு போட்டால் போதும்.

இந்த வெயிலில் யார் வெளியே உட்காருவார்கள்?

நிழல் இருந்தால் உட்காருவார்கள். சிகாகோ நகரத்தின் ராபர்ட் டெய்லர் அரசுக் குடியிருப்பில் ஒரே மாதிரியான கட்டடங்கள். சிலவற்றின் முன்னால் மரம் இருந்தது, சிலவற்றின் முன்னால் வெறும் சிமெண்ட். மரம் இருந்த பக்கத்து ஆட்கள் வெளியே அதிகம் வந்தார்கள், அக்கம்பக்கத்தாரை அதிகம் அறிந்திருந்தார்கள் என்று இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள்.

எந்த மரம் என்பது இங்கே முக்கியம். தானேவில் இந்த மாவட்டத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தோம். கட்டடத்தை ஒட்டிச் செம்மயிற்கொன்றை (குல்மோகர்) வைக்காதீர்கள், அழகாகப் பூக்கும், காற்றடித்தால் முதலில் விழும். கடற்கரைக் காற்றுக்குப் பூவரசும் புங்கனும் பழகியவை. வேம்புக்குத் தண்ணீர் தேங்காத மண் வேண்டும். மரத்தடியில் வட்டமாக ஒரு மேடை கட்டாவிட்டால் நிழல் பாதி வீண். மேடை கட்டும்போது அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசி மூச்சடைக்க வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம்.

காற்றுக்கு வழி வேண்டும் என்றால் புதுச்சேரியிலேயே பாடம் இருக்கிறது. 1930-களின் கடைசியில் கட்டத் தொடங்கிய ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி வடக்கு தெற்கு பார்த்து நிற்கிறது, முகப்பு முழுக்கத் திருப்பக்கூடிய சாய்பலகைகள். அந்தச் செலவு அரசு வீட்டுக்குத் தாங்காது. திசையை மாற்றச் செலவே இல்லை. நீளப்பக்கச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்து இருந்தால் மேற்கு வெயில் சுவரில் கொஞ்சமாகத்தான் விழும். இரண்டு பிளாக்கை மதியக் கடற்காற்று புகும்படி விலக்கி வையுங்கள், சாயங்காலம் நாலு மணிக்கு அந்தச் சந்தில் ஆள் கூடிவிடும்.

உள்சாலையை அகலமாகப் போட்டால் நல்லதுதானே?

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் வர வேண்டிய அகலம் கட்டாயம். அதற்கு மேலே அகலம் கொடுத்தால் பைக் பறக்கும். சான்பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்பிள்யார்டு என்பவர் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள், வண்டி நெரிசல் மிகுந்த தெருவில் ஒன்றுக்கும் கீழே. இதற்கு உள்ளூரிலேயே சாட்சி உண்டு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு வண்டியை நிறுத்திவிடுகிறார்கள், ஆறரைக்கு அங்கே நடக்கிற கூட்டத்தைப் பாருங்கள். குடியிருப்புக்குள்ளும் வண்டியை வாசலிலேயே மறித்து ஓர் ஓரமாக நிறுத்தவைத்தால், நடுப்பாதை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

பூங்காவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் யாரும் போவதில்லையே?

இடம் எங்கே விட்டார்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கச் சொல்கின்றன. அளவை விதி சொல்லும், புத்தியை நாம்தான் சேர்க்க வேண்டும். வீடு கட்ட உதவாத மூலை, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம், வாய்க்கால் ஓரம் என்று மிஞ்சிய துண்டைப் பூங்கா என்று எழுதினால் அங்கே நாய்கூட படுக்காது. தினமும் எல்லாரும் எப்படியும் போகிற வழியில் திறந்தவெளி இருக்க வேண்டும். பால் வாங்க, தண்ணீர் கேன் எடுக்க, பஸ் பிடிக்க என்று போகிறபோது நின்று பேசுகிற மாதிரி. ரேஷன் கடைக்கு முன்னால் நிழலும் இரண்டு பெஞ்சும் போட்டால் அது பூங்காவைத் தோற்கடிக்கும்.

வியன்னாவில் 1930-இல் திறந்த கார்ல்-மார்க்ஸ்-ஹோஃப் நகராட்சிக் குடியிருப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள். நிலத்தில் பெரும்பகுதியை முற்றமாகவே விட்டார்கள். துணி துவைக்கும் கூடம், குளியலறைகள், பாலர் பள்ளி, நூலகம் என்று அன்றாடம் போகிற காரியங்களை உள்ளேயே வைத்தார்கள்.

வீட்டிலேயே தொழில் செய்கிறவர்களுக்கு என்ன வழி?

இட்லி மாவு அரைத்து விற்பவர், தையல் மெஷின் போட்டவர், கூடையில் மீன் கொண்டுபோய் விற்பவர், பெட்டிக்கடைக்காரர். இவர்களுக்கெல்லாம் வாசல்தான் கல்லா. மூன்றாவது மாடிக்குப் போனதும் மாவு விற்காது, ஏனென்றால் வாடிக்கையாளர் ஏறிவரமாட்டார். பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2015-இல் வந்தபோது நலிந்த பிரிவினருக்கான வீட்டுக்கு வைத்த அளவு 30 சதுர மீட்டர் கார்பெட் ஏரியா (சுவர் நீங்கலான உள்பரப்பு), சுமார் 323 சதுரடி. அதற்குள் கிரைண்டரும் குடும்பமும் படிக்கிற பிள்ளையும் அடங்க முடியாது.

கீழே எட்டடிக்கு ஆறடி அளவில் சில கடைகள் கட்டி, அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் சின்ன வாடகைக்குக் கொடுக்கலாம். மீன்காரப் பெண்களுக்குக் கூடை கழுவ ஒரு குழாயும் வடிகாலும் தனியாக வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் அப்புறம் ‘படிக்கட்டெல்லாம் நாற்றம்’ என்று சண்டை வருகிறது. அந்தச் சண்டையில் மீன்காரப் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை, வரைபடத்தைத்தான் சொல்ல வேண்டும்.

பல சாதியினரைக் கலந்து குடியமர்த்தினால் சேர்ந்து பழகுவார்களா?

நேர்மையான கேள்வி, இதற்கு எளிதான பதில் கிடையாது. 1997-இல் கலைஞர் ஆட்சியில் தொடங்கிய சமத்துவபுரம் திட்டம் இதைத்தான் முயன்றது. ஓர் ஊருக்கு 100 வீடு. அதில் ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 25, மற்றவர் 10. முகப்பில் பெரியார் சிலை. பொது சமுதாயக் கூடம், பொது சுடுகாடு. தமிழ்நாடு முழுக்க இருநூறுக்கும் மேல் கட்டினார்கள். சேரியும் ஊரும் என்று பிரிந்தே பழகிய மண்ணில், வீட்டு எண்ணை வைத்து யார் என்ன சாதி என்று சொல்ல முடியாத ஒரு தெருவை வரைந்ததே பெரிய காரியம்.

ஆனால் கதவு பக்கத்தில் இருந்தால் மட்டும் கை குலுக்கிவிட மாட்டார்கள். சேர்ந்து செய்தாக வேண்டிய வேலை ஏதாவது இருக்க வேண்டும். தண்ணீர் மோட்டார், பிள்ளைகள் பள்ளி ஆட்டோ, ஆடிக்கூழ், சமுதாயக் கூடத்தின் சாவி. சாவி ஒரே குடும்பத்திடம் நிரந்தரமாக இருந்தால் கூடம் அந்தக் குடும்பத்துக்கானது ஆகிவிடும், அது மாதாமாதம் கைமாற வேண்டும்.

மேலே குழுக் குலுக்கல் என்று சொன்னேனே, அது இதற்கு முரணில்லையா என்று கேட்பீர்கள். ஓரளவு முரண்தான். என் கணிப்பு இது. ஒரு படிக்கட்டு முழுக்கப் பழகியவர்கள் இருக்கட்டும், ஆனால் பிளாக்கில் உள்ள நாலைந்து படிக்கட்டுகளும் கலந்திருக்கட்டும். ஒரு பிளாக் முழுக்க ஒரே சாதி என்று விட்டால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், பிறகு அந்தப் பெயரைத் துடைக்க முடியாது. சிங்கப்பூர் 1989 முதல் ஒவ்வொரு பிளாக்கிலும் இன்னின்ன இனத்தவர் இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருப்பதும் இந்தப் பயத்தால்தான்.

ஊருக்கு வெளியே நிலம் மலிவு. அங்கே கட்டினால் நிறைய வீடு கட்டலாமே?

வீடு நிறையக் கிடைக்கும், வேலை போய்விடும். சென்னையில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய கண்ணகி நகரின் அனுபவம் போதாதா? வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பஸ்ஸுக்கே பாதி நாளைச் செலவழித்தார்கள், பிள்ளைகள் பள்ளி மாறினார்கள், ஊர்ப்பெயரைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கினார்கள். திருப்பாதிரிப்புலியூரிலும் மஞ்சக்குப்பத்திலும் வேலை செய்கிறவரைச் சிப்காட் தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டால் இங்கேயும் அதே கதைதான். நகரத்துக்குள் பழைய வீடுகளை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டும் வழிதான் நல்லது. இடைக்காலத்தில் வாடகைக்கு எங்கே இருப்பது என்ற பிரச்சினை வரும், அதற்கான பணத்தைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.

சுவரெல்லாம் ஓவியம் வரைந்தால் மாறுமா?

பார்க்க நன்றாக இருக்கும். கசியும் கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்துவிட்டு வரையுங்கள்.

நெய்வேலி மாதிரி கட்ட முடியாதா?

கடலூர் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். 1956-இல் உருவான நிலக்கரி நிறுவனத்தின் நகரியம், ‘வட்டம்’ என்ற பெயரில் பகுதி பகுதியாகப் பிரித்து, அகன்ற சாலை, வீட்டைச் சுற்றித் தோட்டம், நடக்கும் தூரத்தில் பள்ளிக்கூடம். அந்தத் தாராளத்துக்கான நிலம் பக்கத்துக் கிராமங்களிடம் இருந்து எடுத்தது என்பதையும், அங்கே இருந்தவர்களுக்கு மாதச் சம்பளமும் பராமரிக்க ஒரு நிறுவனமும் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு வட்டமும் தனக்கென்று ஒரு சின்ன ஊர்போல இருக்கிறது. ஆயிரம் வீட்டை ஒரே கூட்டமாகக் கட்டாமல் நூறு, நூற்றைம்பது வீடாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நடுவிடம் கொடுக்கலாம்.

கட்டும்போது நன்றாக இருக்கிறது, ஐந்து வருஷத்தில் பாழாகிறதே. யார் பொறுப்பு?

1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதன் பிறகு ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டம் வந்தது. குடியிருப்போர் சங்கம் பதிவு செய்து பராமரிப்புத் தொகை வசூலித்தால், அரசும் தன் பங்கைச் சேர்க்கும் என்பது அதன் ஏற்பாடு. யோசனை நல்லதுதான். ஆனால் தினக்கூலிக் குடும்பங்களிடம் மாதச் சந்தா வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது சங்கப் பொருளாளரிடம் கேட்டால் தெரியும். மழை மாதத்தில் வேலை இருக்காது, சந்தாவும் வராது. அதைக் கணக்கில் வைத்து ஐப்பசி, கார்த்திகையில் விட்டுப்பிடிக்கும் சங்கங்கள்தான் நிற்கும்.

முன்பு குழாயடிச் சண்டை, இப்போது மோட்டார் சண்டை. எத்தனை மணிக்குப் போடுவது, யார் போடுவது, மேல்மாடிக்கு ஏறுவதற்குள் கீழே ஏன் திறந்தார்கள். இதற்கு ஒரு நேரப் பட்டியலை எழுதிப் படிக்கட்டின் கீழே ஒட்டுங்கள், பாதிச் சச்சரவு நின்றுவிடும். வரவு செலவையும் அதே பலகையில் ஒட்ட வேண்டும். சங்கம் உடைவதற்குப் பணம் இல்லாததை விட, பணம் எங்கே போனது என்று தெரியாததுதான் அதிகம் காரணமாகிறது. நிர்வாகக் குழுவில் பெண்கள் பாதிக்கு மேல் இருந்தால் நல்லது, தண்ணீர் வராத அன்று வீட்டில் இருப்பது அவர்கள்தான்.

எங்கள் குடியிருப்பு கட்டி முடித்துப் பத்து வருஷம் ஆகிறது. இனி என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம், வாரியம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு சாயங்காலம் ஐந்தில் இருந்து ஏழு மணி வரை சும்மா உட்கார்ந்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். பெண்கள் எந்தப் படியில் உட்கார்ந்து பூக்கட்டுகிறார்கள், பையன்கள் எந்தச் சுவரில் ஸ்டம்ப் வரைந்திருக்கிறார்கள், பெரியவர்கள் எந்த நிழலுக்கு நாற்காலியை இழுத்துப்போடுகிறார்கள். அந்த இடங்களுக்குத்தான் பெஞ்சும் விளக்கும் போக வேண்டும். கிரிக்கெட் ஆடும் இடத்துக்குப் பக்கத்து ஜன்னல்களுக்கு வலை போட்டுவிட்டால் ஆட்டமும் நிற்காது, திட்டும் நிற்கும்.

பணம் தேவைப்படும் வேலைக்கு மனு எழுதுங்கள். கடலூர் மாநகராட்சிப் பகுதி என்றால் வார்டு உறுப்பினர் இருக்கிறார், 2022 முதல் ஏரியா சபைக் கூட்டங்களுக்கும் விதி இருக்கிறது. அங்கே தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாரியத்தின் வேலை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். புதுச்சேரியில் நிலைமை வேறு. 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பிறகு நீண்ட காலம் தேர்தலே நடக்கவில்லை, அதனால் சட்டமன்ற உறுப்பினர், நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர், குடிசை மாற்று வாரியம் என்று மூன்று கதவையும் தட்ட வேண்டியிருக்கிறது.

மனுவில் ‘அடிப்படை வசதி செய்து தரவும்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். பி பிளாக் இரண்டாவது படிக்கட்டின் கீழே விளக்கு இல்லை, கைப்பிடி உடைந்திருக்கிறது என்று இடத்தைச் சொல்லி, படமெடுத்து இணைத்து, அந்தப் படிக்கட்டில் உள்ள எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.